செங்கல்பட்டு லைனில் வீடு, சென்னையில் தச்சு வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு. இருபது வருஷத்துக்கு மேலாக மின்சார ரயிலில் போய்வந்து கதவு, கப்போர்டு, கிச்சன் வேலை செய்கிறேன். ரயிலில் பக்கத்தில் உட்காரும் தம்பிகளும் ஊரில் தொழிலுக்குப் புதிதாக வரும் பசங்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன். கும்மிடிப்பூண்டி, அரக்கோணம் லைனில் இருப்பவர்கள் ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

தினமும் எவ்வளவு தூரம் வரை வேலைக்குப் போய்வரலாம்?

கிலோமீட்டரைக் கணக்கில் எடுக்காதீர்கள். வீட்டு வாசலில் செருப்பு மாட்டியதிலிருந்து சைட்டில் டேப்பைக் கையில் எடுக்கும்வரை எத்தனை நிமிஷம் என்று பாருங்கள். சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வரை லைன் மொத்தம் ஏறக்குறைய 60 கி.மீ. எங்கள் ஊரிலிருந்து குரோம்பேட்டை பாதி வழிக்கு மேல். ஆனால் ஒரே வண்டி, இறங்கினால் நடை, அவ்வளவுதான். நாவலூரும் வரைபடத்தில் ஏறக்குறைய அதே தூரம் போலத்தான் தெரியும். அங்கே போக வண்டலூரில் இறங்கி, கேளம்பாக்கம் பஸ் பிடித்து, அங்கிருந்து இன்னொரு பஸ் ஏற வேண்டும். பஸ்ஸுக்காக நிற்கும் நேரத்தில் ஒரு டிராயர் மாட்டிவிடலாம்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். சென்னையில் நாள் கூலி 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேரம் வேலை, போக வர மூன்று மணி நேரம், மொத்தம் 11. டிக்கெட், ஷேர் ஆட்டோ, வழியில் டீ என்று 60 ரூபாய் போனால் மிச்சம் 1,140. மணிக்கு 104 ரூபாய் கூடத் தேறாது. அதே ஆள் மறைமலைநகரில் 900 ரூபாய்க்குப் போகிறார், போக வர அரை மணி நேரம். மணிக்கு 106 ரூபாய் வருகிறது. 300 ரூபாய் அதிகம் என்று தாவிப் போனவருக்கு உண்மையில் எதுவும் கூடவில்லை. முதுகுவலிதான் மிச்சம்.

என் சொந்த வரம்பு, ஒரு பக்கம் ஒன்றேகால் மணி நேரம். அதற்கு மேலே என்றால் பத்து நாளாவது நிற்கும் வேலையாக இருக்க வேண்டும். ஒரு கதவுக்குக் கீல் மாற்ற நுங்கம்பாக்கம் வரை போக மாட்டேன்.

அப்படியானால் எந்தப் பகுதியைப் பிடிக்கலாம்?

இரண்டு ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து அங்கேயே வேரூன்றுங்கள். ஊர் முழுக்கக் கார்டு கொடுத்து, இன்றைக்கு மாம்பலம், நாளைக்கு மேடவாக்கம், மறுநாள் பெருங்களத்தூர் என்று ஓடுகிறவருக்கு எந்த ஊரிலும் முகம் பதியாது. நான் இரண்டு வருஷம் அப்படித்தான் ஓடினேன். பிறகு பல்லாவரம், குரோம்பேட்டை இரண்டோடு நின்றுகொண்டேன். ஒரு வீட்டில் வேலை நடக்கும்போது எதிர்வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "எங்க வீட்டு பாத்ரூம் கதவையும் பார்க்கிறீங்களா?" என்று கேட்பார். பக்கத்திலேயே இருந்தால் சாயங்காலம் எட்டிப் பார்த்துவிட்டு வரலாம். ஒரே பயணச் செலவில் இரண்டு வேலை.

வேலையின் குணம் இடத்துக்கு இடம் மாறும். ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி பக்கம் புது வீடுகள் நிறைய: வார்ட்ரோப், லாஃப்ட் கதவு, டிவி யூனிட், பூஜை அறை. தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்தில் முப்பது நாற்பது வருஷத்துத் தனி வீடுகள். அங்கே கரையான் அரித்த நிலை (கதவுச் சட்டம்), மழையில் ஊறிய கதவு, பழைய சிமெண்ட் ஸ்லாப் சமையலறையை மாடுலராக மாற்றுவது என்று மராமத்துதான் அதிகம். மேற்கு மாம்பலம் பக்கம் பழைய தேக்குக் கதவுகள் இன்னும் இருக்கின்றன. அவற்றைத் தூக்கிப் போடாமல் சரிசெய்யத் தெரிந்தால் அங்கே தனி மரியாதை. ப்ளைவுட் மட்டுமே வெட்டிப் பழகியவருக்கு அது கொஞ்சம் கஷ்டம், ஆனால் கற்றுக்கொள்ளலாம்.

வேலை யார் மூலமாக வரும்? யாரையும் தெரியாதே!

யாரையும் தெரியாமல்தான் எல்லோரும் தொடங்குகிறோம். முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவர் நீங்கள் பிடித்த ஸ்டேஷனுக்குப் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர். கீல், ஸ்க்ரூ, தாழ்ப்பாள் வாங்க வருகிற வீட்டுக்காரர் "நல்ல ஆசாரி யாராவது இருக்காங்களா?" என்று கேட்பது அங்கேதான். நூறு ரூபாய்ச் சாமானாக இருந்தாலும் ஊரில் வாங்காமல் அந்தக் கடையிலேயே வாங்குங்கள். மூன்று மாதத்தில் உங்கள் பெயர் அவர் வாயில் வரும்.

அடுத்து பெயிண்டர். இவரைப் பலபேர் மறந்துவிடுகிறார்கள். பெயிண்ட் அடிக்க வருகிறவர்தான் வீட்டின் எல்லாக் கதவையும் திறந்து மூடிப் பார்க்கிறார். எது தட்டுகிறது, எது உளுத்திருக்கிறது என்று வீட்டுக்காரருக்கு முன்பே அவருக்குத் தெரியும். பிளம்பரும் அப்படியே. சிங்க்குக்குக் கீழே பைப் கசிந்தால் கப்போர்டு அடிப்பலகை உப்பியிருக்கும். பைப்பை மாற்றிவிட்டு "இதை ஆசாரிகிட்ட காட்டுங்க" என்பார். அந்த ஆசாரி நீங்களாக இருக்க வேண்டும். பதிலுக்கு நீங்களும் அவர்களுக்கு வேலை சொல்லிவிடுங்கள்.

வீட்டு புரோக்கர்களும் உண்டு. ஒருவர் காலி செய்து இன்னொருவர் குடிவருவதற்குள் நாலைந்து நாளில் பூட்டு, கொக்கி, கொசுவலைக் கதவு எல்லாம் சரியாக வேண்டும். பள்ளி திறப்பதற்கு முன் மே மாதத்தில் இது கொட்டும். அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் வணக்கம் சொல்லிப் பேசிவிட்டுப் போங்கள், அது போதும்.

காலையில் கூலி வேலைக்கு ஆள் நிற்கும் தெருமுனைகளைப் பற்றியும் கேட்கிறார்கள். கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் அது பயன்படும். தச்சு வேலைக்கு அங்கே யாரும் தேடி வருவது குறைவு. வந்தாலும் சென்ட்ரிங் பலகை அடிக்கத்தான்.

ப்ளைவுட் கடையில் கமிஷன் தருகிறார்களே, வாங்கலாமா?

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த, யாரும் பேசாத விஷயம் இது. வீட்டுக்காரரைக் கூட்டிப் போனால் கடைக்காரர் ஆசாரிக்குத் தனியே ஒரு தொகை தருவார். அது வீட்டுக்காரர் பில்லில்தான் ஏறுகிறது. ரொம்ப நாளாக நான் வாங்குவதில்லை. "எனக்குத் தருவதை பில்லில் கழித்துக் கொடுங்கள்" என்று வீட்டுக்காரர் முன்னாலேயே சொல்லிவிடுவேன். அந்த ஒரு வாக்கியத்தால் வந்த வேலைகள் கமிஷனைவிடப் பெரியவை. வாங்குகிறவர்களைக் குறை சொல்லவில்லை, அவரவர் குடும்பம் அவரவருக்கு. ஆனால் அதற்காக 710 தரப் பலகை போட வேண்டிய இடத்தில் மட்டமானதைப் போடச் சொன்னால் அது பாவம்.

(தெரியாதவர்களுக்கு: ஐ.எஸ். 303 என்று முத்திரை இருப்பது பொதுவான ப்ளைவுட், ஐ.எஸ். 710 தண்ணீரைத் தாங்கும் மெரைன் ப்ளைவுட். சிங்க்குக்குக் கீழே இரண்டாவதுதான்.)

ஆப்பில் பதிவு செய்தால் வேலை வருமா?

வரும். அர்பன் கம்பெனி மாதிரியானவற்றில் விலையை அவர்கள் வைப்பார்கள், கமிஷன் பிடிப்பார்கள், வாடிக்கையாளர் நட்சத்திரம் போடுவார். சுலேகா, ஜஸ்ட்டயல் போன்றவை விசாரிப்பவரின் நம்பரைத் தரும். அதே நம்பர் வேறு ஆசாரிகளுக்கும் போயிருக்கும், யார் முதலில் கூப்பிடுகிறாரோ அவருக்கு வாய்ப்பு. புதிதாக வருபவருக்கு முதல் ஆறு மாதம் பழகிக்கொள்ள இது உதவும். ரயிலில் போய்வருகிறவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேலை எந்தப் பகுதியில் வேண்டும் என்று குறிக்கச் சொல்லும்போது ஆசையில் சென்னை முழுவதையும் குறித்துவிடாதீர்கள். வேளச்சேரியில் ஒரு கர்ட்டன் ராடு, அம்பத்தூரில் ஒரு பூட்டு என்று நாள் முழுக்க வழியிலேயே கழிந்துவிடும்.

கூகுள் மேப்பில் உங்கள் பெயரைத் தொழிலோடு பதிவது இலவசம். முகவரியைச் சொந்த ஊரில் வைத்துவிட்டு, சேவைப் பகுதியாக உங்கள் இரண்டு ஸ்டேஷனைக் கொடுங்கள். முடித்த வேலையை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுங்கள், பழசும் புதுசும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கட்டும். எனக்கு வந்த பெரிய கிச்சன் வேலைகளில் இரண்டு அப்படி ஸ்டேட்டஸ் பார்த்து வந்தவைதான்.

இன்டீரியர் கம்பெனிகளுக்கு வேலை செய்யலாமா?

கிச்சனும் வார்ட்ரோப்பும் இப்போது ஃபேக்டரியிலேயே வெட்டி, ஓரம் ஒட்டி, பெட்டியாக வருகின்றன. அவற்றை வீட்டில் நிறுத்தி மாட்ட ஆள் வேண்டும். உளியும் இழைப்புளியும் அதிகம் தேவைப்படாத வேலை. ரசமட்டமும் டிரில்லும் பொறுமையும் போதும். வேலை தொடர்ச்சியாக வரும். பணம் மட்டும் முப்பது நாள், நாற்பத்தைந்து நாள் என்று தள்ளி வரும். கையில் ஒரு மாதச் செலவுக்கு வைத்துக்கொண்டு இறங்குங்கள்.

வெளி மாநிலத்துக்காரர்களோடு போட்டி போட முடியுமா?

ராஜஸ்தான், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த கார்பெண்டர்கள் நல்ல கைக்காரர்கள், அதை ஒப்புக்கொள்வோம். அவர்கள் சைட்டிலேயே தங்கி ராத்திரி பத்து மணிவரை வேலை செய்கிறார்கள். நமக்கு ரயிலைப் பிடிக்க வேண்டும். வேகத்தில் அவர்களோடு மோதினால் தோற்போம். ஆனால் வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து டிராயர் சேனல் கழன்றால், அந்த டீம் பெங்களூரில் இருக்கும். நாம் குரோம்பேட்டையில் இருப்போம். மராமத்தும், சின்ன வேலையும், "கூப்பிட்டால் வருவார்" என்ற பெயரும்தான் நமக்குச் சோறு.

கருவிகளை ரயிலில் எப்படிக் கொண்டுபோவது?

ஒரே பையில் எல்லாவற்றையும் திணித்துத் தோள்பட்டையை உடைத்துக்கொண்டவன் சொல்கிறேன்: இரண்டாகப் பிரியுங்கள். டேப், மூலைமட்டம், இரண்டு உளி, சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் செட், சின்ன டிரில் தோள் பையில். கட்டிங் மெஷின், மரத்தில் பள்ளம் எடுக்கும் ரவுட்டர், நீள மட்டம் எல்லாம் சைட்டில் இரும்புப் பெட்டியில், உங்கள் பூட்டோடு. பெட்டியை வைக்கும்போது உள்ளே இருப்பதைப் போட்டோ எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். சந்தேகப்படுகிறோம் என்று அவர் நினைக்க மாட்டார். பின்னால் இரண்டு பேருக்கும் வம்பில்லை.

உளி முனைக்குப் பழைய ரப்பர் டியூபை வெட்டி உறை போடுங்கள். ரம்பத்தின் பல்லுக்கும் அப்படியே. கூட்டத்தில் யார் தொடையையாவது கிழித்தால் அன்றைய கூலி அவர் வைத்தியத்துக்குப் போகும். வெண்டார் பெட்டி காலியாக இருக்கிறதே என்று ஏறாதீர்கள். அது சுமை கொண்டுவரும் வியாபாரிகளுக்கு ஒதுக்கியது, அபராதம் விழும். ஏழு மணிக்குள் ஏறிவிட்டால் பையைக் கீழே வைக்க இடம் கிடைக்கும்.

ரயிலுக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்துவிடுங்கள். பத்துப் பன்னிரண்டு நாள் போய்வந்தாலே போட்ட காசு வந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து தினமும் பஸ் ஏறுபவருக்கு மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாத பாஸும் உண்டு, ஏ.சி. பஸ்ஸில் மட்டும் செல்லாது. எட்டுக்கு நாலு பலகையை ரயிலிலோ பஸ்ஸிலோ கொண்டுபோக வழியே கிடையாது. கடையிலேயே அளவு கொடுத்து வெட்டி வாங்கி, குட்டியானையில் (மினி லாரி) ஏற்றிவிடுங்கள்.

நாள் கூலியா, சதுர அடியா, மொத்தமாகப் பேசுவதா?

பழைய வீட்டு மராமத்துக்கு நாள் கூலி. பிரித்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். மொத்தமாகப் பேசிவிட்டு, நிலைக்குப் பின்னால் சுவரே கரையான் புற்றாக இருப்பதைப் பார்த்து நிற்க வேண்டாம்.

புது வார்ட்ரோப், லாஃப்டுக்குச் சதுர அடி. சண்டை வருவது ரேட்டில் இல்லை, அளக்கும் முறையில். ஏழு அடி உயரம், ஆறு அடி அகலம் என்றால் முன்பக்க அளவு 42 சதுர அடி. உள்ளே இருக்கும் தட்டும் டிராயரும் அதில் சேர்ந்ததா, தனியா? மேலே இருக்கும் லாஃப்ட் அதே ரேட்டா? உள்பக்கம் லேமினேட் (பலகைமேல் ஒட்டும் ஷீட்) உண்டா? இதைப் பேசாமல் ஆரம்பித்தால் கடைசி நாளில் இரண்டு பேருமே நியாயம் பேசுவோம், இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்வோம். ஒரு தாளில் படம் வரைந்து, எங்கிருந்து எங்கே அளக்கிறோம் என்று கோடு போட்டு, வீட்டுக்காரர் கையெழுத்து வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வாங்கினாலும் போதும்.

சின்ன வேலைக்கு: அரை நாளுக்குக் குறைந்து கிடையாது என்று போனிலேயே சொல்லிவிடுங்கள். "ஒரே ஒரு கீல்தான்" என்பவரிடம், "வீட்டில் வேறு என்னென்ன இருக்கிறது, எழுதி வையுங்கள், ஒரே நாளில் முடித்துத் தருகிறேன்" என்றால் பட்டியல் தானாக நீளும்.

பணம் நிற்காமல் இருக்க என்ன செய்வது?

எனக்கு நின்றிருக்கிறது. ஒரு கான்ட்ராக்டரிடம் மூன்று பேராக மூன்று வாரம் வேலை செய்தோம். முதல் வாரம் கொடுத்தார். இரண்டாவது வாரம் "பார்ட்டி கொடுக்கல" என்றார். மூன்றாவது வாரம் போனையே எடுக்கவில்லை. ஹெல்பர் இருவருக்கும் என் கையிலிருந்து கொடுத்தேன், என் மனைவியின் வளையல் அடகுக்குப் போனது.

அன்றிலிருந்து கான்ட்ராக்டர் வேலை என்றால் சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை வராவிட்டால் திங்கட்கிழமை நான் ரயில் ஏறுவதில்லை. நேரடி வீட்டு வேலை என்றால் நாலு தவணை: ஆரம்பிக்கும்போது, கப்போர்டின் பெட்டி நின்றதும், லேமினேட் ஒட்டியதும், கடைசி. அந்தக் கடைசித் தவணையைக் கைப்பிடி மாட்டும் முன் கேளுங்கள். கைப்பிடி இல்லாத கப்போர்டை யாரும் பயன்படுத்த மாட்டார்கள், பணம் உடனே வரும். தொகை எல்லாம் யு.பி.ஐ.யில் வரட்டும். தேதியோடு கணக்கு நிற்கும், பின்னால் பேங்கில் கடன் கேட்கும்போதும் உதவும்.

எந்த மாதங்களில் வேலை இருக்கும்?

ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லை, மார்கழியிலும் இல்லை. ஆனால் கவனித்தால், தையில் குடிபோகிறவர் மார்கழியிலேயே கப்போர்டு முடித்தாக வேண்டும், ஆவணிக்காரர் ஆடியில். நல்ல நாள் பார்த்து ஆரம்பிக்கச் சொல்பவர்கள் மட்டும்தான் தள்ளிப்போடுவார்கள். அதனால் மார்கழி எனக்கு ஓய்வு மாதமாக இருந்ததே இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் "கதவு இறுகிப்போச்சு" என்று போன் வந்துகொண்டே இருக்கும். இதில் ஒரு தொழில் நுணுக்கம்: நனைந்து உப்பிய கதவை அப்போதே தாராளமாக இழைத்துத் தள்ளாதீர்கள். சித்திரை வெயிலில் காய்ந்து சுருங்கினதும் விரல் நுழையும் இடைவெளி விழும், பழி உங்கள் மேல் வரும். மழையில் தட்டுகிற இடத்தை மட்டும் கொஞ்சம் சீவிவிட்டு, "தை பிறந்ததும் வந்து சரியாக ஓட்டித் தருகிறேன், மேலும் கீழும் ஓரத்துக்கு பெயிண்ட் அடிக்க வேண்டும்" என்று சொல்லுங்கள். கதவின் அடி ஓரத்துக்கு யாரும் பெயிண்ட் அடிப்பதில்லை, தண்ணீர் அங்கேதான் ஏறுகிறது.

அபார்ட்மெண்டில் வேலை என்றால்?

சத்தம் வரும் வேலைக்கு நேரம் வைத்திருப்பார்கள், ஞாயிறு பெரும்பாலும் கிடையாது. வீட்டுக்காரர் முன்கூட்டியே அசோசியேஷனில் சொல்லியிருக்க வேண்டும். ஆதார் நகல் ஒன்று பையில் இருக்கட்டும்.

நல வாரியத்தில் பதிந்தால் என்ன பயன்?

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் 1994இல் தொடங்கியது. தச்சு வேலையும் அதில் சேர்ந்தது. 18 வயதிலிருந்து 60 வயதுக்குள் பதியலாம், ஆன்லைனிலேயே முடியும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், விபத்து, 60க்கு மேல் ஓய்வூதியம் என்று உதவிகள் உண்டு. நம் ஆட்கள் பதிந்துவிட்டுப் புதுப்பிக்க மறந்து, விபத்து நடந்தபின் அட்டையைத் தேடுகிறார்கள். காலாவதி தேதியை போனில் அலாரமாகப் போடுங்கள்.

கருவி வாங்கக் கடன் வேண்டுமானால் மாநில அரசின் கலைஞர் கைவினைத் திட்டம் 2025இல் வந்தது. மரவேலையும் அதில் இருக்கிறது. 35 வயது நிறைந்தவர்களுக்கு 3 லட்சம் வரை கடன், அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய் மானியம். மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். புரோக்கருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

சென்னைக்கு எதிர்த் திசையில், காஞ்சிபுரம், மதுராந்தகம் பக்கம் போகலாமா?

போகலாம். காலையில் வண்டியில் உட்கார இடம் கிடைக்கும். ரேட் குறைவு, செங்கல்பட்டைத் தாண்டினால் வண்டிகளும் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததுக்கு ரொம்ப நேரம் காத்திருக்க வேண்டும். டூவீலர் இருப்பவருக்குச் சரிப்படும். என்னிடம் வேலை கற்ற தம்பி ஒருவன் மூன்று வருஷமாக மதுராந்தகத்தில்தான் செய்கிறான். சாயங்காலம் ஆறரைக்கு வீட்டில் இருக்கிறான். அந்த நேரத்துக்கு நான் தாம்பரத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டிருப்பேன்.